சுவரில் கரையேறிய படகு

ஸுஹைறா இத்தா இருக்கத் தொடங்கியபோது அவளுடைய புருசன் கடலில் காணாமல் போய் ஆறு வருசம் கழிந்திருந்தது. புருசன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், நகைநட்டு இல்லாமல், வெள்ளை உடுத்து இருப்பது எங்கள் வழக்கம். மற்றப் பெண்கள் புருசனின் உடல், மையித்து, வாசல் தாண்டிய அன்றே அதைத் தொடங்கிவிடுவார்கள். ஸுஹைறாவுக்கு மையித்தும் கிடைக்கவில்லை, அடக்கம் செய்த கபுறும் கிடைக்கவில்லை. அந்த ஆறு வருசமும் அவள் கலர் உடுப்புத்தான் உடுத்தாள். வளையலைக் கழற்றவில்லை. எங்கள் கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரின் தீர்ப்புத்தான் அவளை வெள்ளை உடுத்த வைத்தது என்று ஊரில் சொல்வார்கள். நான் அவளுக்கு அடுத்த வீடு. அவள் காதியாரிடம் போக ஒப்புக்கொண்டது எப்படி என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தாழைமுனை, இலங்கையின் கிழக்குக் கரையில், ஒலுவிலுக்கு வடக்கே, பிரதான வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் வருகிற சின்ன ஊர். மேற்கே வயல் வட்டை, கிழக்கே கடல். வட்டைக்குப் போகிற குடும்பமும் கடலுக்குப் போகிற குடும்பமும் கலியாணம் பேசும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் யோசிக்கும். ஸுஹைறாவின் வாப்பா வட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நல்ல வாய்க்காரி. "கடல்காரன நான் கட்டமாட்டன்கா. காத்தடிக்கிற நாளெல்லாம் என்னால நெஞ்சப் புடிச்சிக்கிட்டு இரிக்கேலா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். அவளுக்கு வாய்த்தது அக்ரம்.

அக்ரம் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. யாருடைய இஞ்சின் பழுதானாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். எங்கள் பக்கத்து முறைப்படி கலியாணம் முடிந்து ஸுஹைறாவின் வீட்டுக்கு வந்தார். முதல் வருசம் அவளுக்காக வட்டைக்கும் போய்ப் பார்த்தார். வரம்பில் நடந்தால் சறுக்கி விழுகிறார் என்று அவளே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "போங்க, போய் ஒங்கட கடலப் பாருங்க" என்று கடைசியில் அனுப்பியவளும் அவள்தான். மகள் பிறந்து சில வருசத்தில் சொந்தமாக ஒரு இயந்திரப் படகு எடுத்தார். என்ன நிறம் அடிப்பது என்று கேட்டதற்கு ஸுஹைறா, "பயிர் நிறத்தில அடியுங்க" என்றாள். பச்சைப் படகு, விளிம்பில் மஞ்சள் பட்டி, முகப்பில் மகளின் பெயர்: அப்ரா.

மாரி தொடங்குகிற காலத்தில் ஒரு நாள், வழமையாகக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். அக்ரம் தெற்குத் தெரு ஜுனைதாவின் மகன் றிஷாட்டைக் கூட்டிக்கொண்டு போனார். இருபது வயது கடந்த பையன், ஜுனைதாவுக்கு ஒரே பிள்ளை. புருசனை இழந்து, நெல் அவித்து வளர்த்த பிள்ளை. அன்று பின்னேரம் கடல் கறுத்தது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அப்ரா வரவில்லை.

ஊர்ப் படகுகள் தேடின. கடற்படையும் தேடியது. கிடைத்தது ஒரு வெற்று எண்ணெய்க் கலன். அதுவும் யாருடையது என்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை. ஸுஹைறாவும் ஜுனைதாவும் கடற்கரையில், கவிழ்த்து வைத்த ஒரு தோணியின் நிழலில் நாள்கணக்கில் இருந்தார்கள். ஜுனைதா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவாள். ஒரு கோப்பையில் இரண்டு பேரும் மாறி மாறிக் குடிப்பார்கள். அதற்கு முன் அவர்கள் ஒருவரோடொருவர் அதிகம் பழகியவர்கள் இல்லை.

மாலைதீவுப் பக்கம் ஒதுங்கி, மாதக்கணக்குப் போன பிறகு திரும்பி வந்தவர்களின் கதை எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்தமானில் பிடிபட்டவர்களின் கதையும் உண்டு. ஸுஹைறா அந்தக் கதைகளைப் பிடித்துக்கொண்டாள். ஜுனைதாவால் முடியவில்லை. ஒரு வருசம் வரும்போது அவள் பள்ளிவாசலில் போய்ச் சொல்லி, இரண்டு பேருக்கும் காயிப் ஜனாஸாத் தொழுகை வைக்கக் கேட்டாள். மையித்து இல்லாமலே தொழுகிற தொழுகை அது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொழுதார்கள். அன்று ஸுஹைறா வாசற்கதவைச் சாத்திவிட்டுப் பகல் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கத்தால் போனேன்.

"உசிரோட, ஹயாத்தோட இரிக்கிற மனிசனுக்கு ஜனாஸா தொழுறாங்க. இது நல்லாவா இரிக்கி?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"ஜுனைதா ராத்தாவும் பாவம்தானே."

"அவ அவட மகனுக்குத் தொழட்டும். எண்ட புருசனுக்கு ஏன் தொழுற?"

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் கதைக்கவில்லை. கலியாண வீட்டில் கண்டாலும் ஒருத்தி மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஸுஹைறா இடியப்பம் அவித்துப் பிழைத்தாள். சுபஹுத் தொழுகைக்கு முந்தியே அவளுடைய குசினியில் வெளிச்சம் தெரியும். விடிந்ததும் ஒரு திரீவீலர் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போகும். அங்கே இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு அவளுடைய இடியப்பம்தான். அப்ராவைப் படிப்பித்தாள். வீட்டுக்கு ஓடு மாற்றினாள். அறிமுகமில்லாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் மாவுக் கையோடு ஓடிப்போய் எடுப்பாள். அக்ரமின் சாரங்களைத் துவைத்து மடித்து வைப்பாள். ஊர் இதையெல்லாம் பார்த்துப் பழகிவிட்டது. யாரும் எதுவும் சொல்வதில்லை.

அப்ராவுக்குக் கல்முனைக்குடியிலிருந்து சம்மந்தம் வந்தபோதுதான் சிக்கல் வந்தது. மாப்பிள்ளை றிஸ்மி, கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிற அமைதியான பிள்ளை. அவனுடைய உம்மா கமீலா வந்து அப்ராவைப் பார்த்து, அன்றே மோதிரம் போட்டுவிட்டுப் போனாள். எங்களில் காவின் என்கிற கலியாண ஒப்பந்தம் நடக்கும்போது பெண்ணின் சார்பில் நின்று கைபிடித்துக் கொடுக்கிறவர் வலிகாரர். அது வாப்பாவின் உரிமை. வாப்பா மௌத்தாகி, அவருடைய வாப்பாவும் இல்லாவிட்டால் வாப்பாவின் சகோதரர். அக்ரமின் தம்பி முஸ்தாக் வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சொல்ல முடியாமல் சொன்னான்.

"மதினி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேக்காங்க. வலிகாரர் ஆரு எண்டு. எங்கட அக்ரம் காக்கா ஹயாத்து எண்டா காக்கா வரணும். இல்லாட்டி நான் நிக்கணும். நான் நிக்கிறதெண்டா காதியாரிட்டப் போய் ஒரு முடிவு எடுக்கணும்."

"என்ன முடிவு?"

அக்ரம் மௌத்து என்கிற முடிவுதான். முஸ்தாக் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒங்கட காக்கா வந்து கைபுடிச்சிக் குடுப்பாரு. அவங்களப் பொறுக்கச் சொல்லுங்க" என்றாள் ஸுஹைறா.

கமீலாவும் பொறுத்தாள். ஒரு நோன்புப் பெருநாள் போய் அடுத்த நோன்பும் வந்துபோனது. அப்ரா உம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டாள். இடியப்ப உரல் பிழிந்து உம்மாவுக்கு உதவி செய்தாள். அந்தப் பெண் நடக்கிற சத்தம்கூடக் குறைந்துபோனது என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் சுவர் வேலை வந்தது. மீனவர் சங்கக் கட்டடத்துக்குக் கடற்கரை வீதியோரமாக நீளமான மதில் ஒன்று இருக்கிறது. தேர்தல் போஸ்டரும் டியூசன் போஸ்டரும் ஒட்டி ஒட்டிப் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. ஊரின் பழமையையும் தொழிலையும் அந்த மதிலில் ஓவியமாக வரைவது என்று இளைஞர் கழகம் முடிவு செய்தது. முஸ்தாக்தான் கழகத்தின் செயலாளர். காரைதீவிலிருந்து துஷாந்தினி என்ற சித்திர ரீச்சரைக் கூட்டிவந்தான். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். ரீச்சர் ஸ்கூட்டியில் ஒவ்வொரு நாளும் வருவா. தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பா.

பள்ளிவாசல் நிருவாகம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தது. ஆட்களின் உருவமோ உயிர்ப் பிராணிகளின் உருவமோ வேண்டாம், மற்றதெல்லாம் வரையலாம். நிருவாகத் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் தானே வந்து, மரியாதையாகச் சொன்னார். ரீச்சர் வெறும் மதிலைப் பார்த்தா.

"ஆக்கள் இல்லாம ஊரைக் கீறணும். அப்ப ஆக்கள்ர சாமானக் கீறுவம், என்ன ஹாஜியார்?"

"அது நல்லம் ரீச்சர். சாமானப் பாத்தே எங்கட சனத்துக்கு ஆள் தெரிஞ்சிடும்" என்றார் அவர்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்து தங்கள் பொருளைச் சொன்னார்கள். கரைவலை முதலாளி வலையைக் கொண்டுவந்து விரித்தே காட்டினார். ஒருத்தி தன்னுடைய உம்மா நெல் புடைத்த சுளகைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாண்காரரின் சைக்கிளுக்குப் பெட்டி முன்னாலா பின்னாலா என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். பாண்காரர் மௌத்தாகிப் பல வருசம். அவருடைய மகன் வந்து, "பின்னால. வாப்பா ஒருநாளும் முன்னால கட்டல்ல" என்று சொல்லித் தீர்த்துவைத்தான். மம்பட்டி, வண்டிச் சில்லு, படகு வலிக்கிற சவள், மீன் காயப்போடுகிற பரண் என்று மதில் நிறைந்துகொண்டு வந்தது. பிள்ளைகளும் பெண்களும் ரீச்சர் கீறிக்கொடுத்த கோட்டுக்குள் நிறம் அடித்தார்கள். ஊர் இப்படி ஒன்றாக நின்று நான் பார்த்தது சுனாமிக்குப் பிறகு துப்புரவு செய்த நாட்களில்தான்.

மதிலின் தெற்குப் பாதி கடல். ஊரின் படகுகள் எல்லாம் அங்கே அதனதன் நிறத்தில் வந்தன. அப்ரா உம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

"எங்கட போட்டையும் கீறணும் ரீச்சர்" என்றாள் ஸுஹைறா.

ரீச்சருக்குக் கதை தெரியாது. சோக்கட்டியை எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டா: "கீறுவம் அக்கா. போட் எங்க நிக்கிது? கடலிலயா, கரையிலயா?"

ஸுஹைறா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கரையில. நல்லா மேல இழுத்து வெச்ச மாதிரிக் கீறுங்க. அல எட்டாத இடத்தில."

நான் அப்ராவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முஸ்தாக் ஏணியில் இருந்தான். அவனும் வாய் திறக்கவில்லை. ஆறு வருசமாக எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம்.

ஸுஹைறா அந்த நாட்களில் எவ்வளவு சந்தோசமாக இருந்தாள் என்று சொல்லவேண்டும். திரீவீலரை அனுப்பியதும் மதிலடிக்குப் போய்விடுவாள். பச்சை சரியில்லை என்று இரண்டு தரம் மாற்றினாள். "இது பாசிப் பச்சை ரீச்சர். எங்கட போட் இளம்பயிர்ப் பச்சை." மஞ்சள் பட்டியைத் தானே இழுத்தாள். படகின் கீழே மணல், மணலில் படகு இழுத்த தடம், ஒரு கட்டையில் கட்டிய கயிறு. எல்லாம் அவள் சொல்லச் சொல்ல ரீச்சர் கீறினா. முகப்பில் அப்ராவின் பெயரை எழுதியபோது ஸுஹைறா பழைய வாய்க்காரியாகச் சிரித்து, "இப்ப அவரு வந்தாலும் குறை சொல்லேலா" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அதற்குள் ரீச்சருக்கு யாரோ கதையைச் சொல்லியிருக்கவேண்டும். அவவின் தூரிகை கொஞ்சம் மெதுவாகிவிட்டது.

ஜுனைதா கடற்கரைப் பக்கம் வருவதே இல்லை. அவளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு பகல், வெயில் உச்சியில் நிற்கும்போது வந்தாள். பர்தாவின் முந்தி காற்றில் அடித்தது. மதிலின் வடக்கு முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், வண்டிச் சில்லு, சுளகு, பாண்பெட்டி. பச்சைப் படகுக்கு முன்னால் நின்றாள். ஸுஹைறா குந்தியிருந்து மணலுக்கு நிறம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸுஹைறா."

அத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டு அவள் திடுக்கிட்டு எழும்பினாள்.

"இது ஒங்கட போட்தானே?"

"ஓம் ராத்தா."

"கரைக்கு வந்திட்டா?"

ஸுஹைறா கையில் ஒட்டிய நிறத்தைத் துடைத்தாள்.

"போட் கரைக்கு வந்திட்டெண்டா எண்ட மகன் எங்ககா?" ஜுனைதா கத்தவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப் போலக் கேட்டாள். "றிஷாட் ஏன் இன்னும் ஊட்டுக்கு வரல்ல? சொல்லு. போட்ட இழுத்துக் கட்டிப்போட்டு எண்ட புள்ள எங்க போன?"

"ராத்தா, நான் அப்படி நினைச்சி..."

"எனக்கு அழுது முடிச்சி மனசக் கட்டி வெக்க எவ்வளவு காலம் எடுத்திச்சி தெரியுமா? அவன்ட பேருல ஓதின கத்தத்துக்குச் சோறாக்கினது நான். எண்ட கையால. ஒண்ட புருசன் வாசல்ல வந்து நிண்டு, 'ராத்தா, ஒரு நாளைக்குத் தாங்க' எண்டு கேட்டுத்தான் அவனக் கூட்டிப் போன. அத நான் ஒருநாளும் சொல்லிக்காட்டல்ல. இப்பயும் சொல்லிக்காட்டல்ல. ஆனா இந்த வழியாலதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், சந்தைக்குப் போகணும். இந்தப் போட் வெறுமையா இஞ்ச நிக்கிறத நான் எப்படிப் பாத்துக்கிட்டுப் போற?"

ரீச்சர் ஓடிப்போய் ஜுனைதாவைப் பிடித்து, வாளியைக் கவிழ்த்து அதில் இருத்தினா. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானே எழும்பி, வந்த வழியே போனாள். ஸுஹைறா தூரிகையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவளுடைய குசினியில் அடுப்பு எரியவில்லை. திரீவீலர் வந்து ஹோன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. நான் போனபோது அவள் அக்ரமின் சாரங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பிவிட்டு நடுவில் இருந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை.

"அந்தப் போட்டுக்குள்ள ஒருத்தரும் இல்லகா" என்றாள் என்னிடம். "நானே நிண்டு நிறம் அடிச்சன். பட்டி இழுத்தன். கயிறு கட்டினன். உள்ளுக்க ஒருத்தரும் இல்ல எண்டு நான் பாக்கல்ல. ஜுனைதா ராத்தா வந்து கேட்டதுக்குப் பொறகுதான் பாத்தன்."

நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு சாரத்தை முகத்தில் வைத்து மணந்து பார்த்தாள். "சவுக்காரம்தான் மணக்கிது" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். ஆறு வருசத்து அழுகை அது. அப்ரா ஓடிவந்து உம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளையும் அப்படித்தான் அழுதது. வாப்பாவுக்காக அழுவதற்கு அந்தப் பிள்ளைக்கு அதுவரைக்கும் இடமே இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஸுஹைறா மதிலடிக்கு வந்தாள். முஸ்தாக்கும் ரீச்சரும் நின்றார்கள். இரண்டு பேரும் படகை அழித்துவிடுவோமா என்று அதற்கு முன் கதைத்திருந்தார்கள். ஸுஹைறா கேட்டது வேறு.

"ரீச்சர், மணல எடுத்துப்போட்டுத் தண்ணி கீறணும்."

ரீச்சர் அவளையே பார்த்தா. "கீறித் தாறன் அக்கா. நீங்க வீட்ட போங்க, நான் செய்யிறன்."

"இல்ல. நிறத்தக் கலந்து தாங்க. நான் அடிக்கன். கரைத் தண்ணி மாதிரி வேணாம். தூரத்துக்குப் போனா தண்ணி கறுப்பா இரிக்கும், நீலமும் இல்ல பச்சையும் இல்ல எண்டு அவரு சொல்லுவாரு. அப்படி."

ரீச்சர் கலந்து கொடுத்தா. முதலில் கட்டையும் கயிறும் போயின. பிறகு இழுத்த தடம். பிறகு மணல். குந்தியிருந்து, நகர்ந்து நகர்ந்து, படகின் அடிவரைக்கும் அவளே அடித்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. அவளும் கேட்கவில்லை. பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது படகைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீராகிவிட்டது. எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டே முஸ்தாக்கிடம் சொன்னாள்: "தம்பி, காதியாரிட்ட எண்டைக்குப் போகணும் எண்டு கேட்டு வாங்க."

முஸ்தாக் ஆம்பிளைப் பிள்ளை, ஆட்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று கடற்பக்கம் போய்விட்டான். அவனுக்கும் அது காக்காதானே.

அன்று வீட்டில் அப்ரா கேட்டாள்: "எனக்காகவா உம்மா? எனக்காக எண்டா வேணாம். நான் இப்படியே இரிப்பன்."

"ஒனக்காக இல்ல மகள். ஒங்கட வாப்பாவுக்காக. ஆறு வருசமா, மௌத்தானவங்களுக்கு ஓதுற யாசீன ஒருத்தரும் அவருக்கு ஓதல்ல. நான்தான் ஓத உடல்ல."

காதியார் கேட்கவேண்டியதைக் கேட்டார், சாட்சிகளையும் விசாரித்தார். சில கிழமைகள் பிடித்தன. தீர்ப்பு வந்த அன்று ஸுஹைறா வளையலைக் கழற்றினாள். கை கனத்துவிட்டதால் கழறவில்லை. சவர்க்காரம் போட்டு நான்தான் கழற்றிவிட்டேன். வெள்ளை உடுத்து உள்ளறைக்குள் போனாள். புருசன் போனதை அன்றுதான் கேள்விப்பட்டவர்களைப் போல ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். சிலர் பச்சைப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அக்ரம் போனபோது அவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

மதில் வேலை முடிந்து திறப்பு விழா நடந்தபோது அவள் இத்தாவில் இருந்தாள். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ரீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரீச்சர் பேசும்போது, இந்த மதிலில் தான் கீறாத ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் இதில் நல்ல பகுதி என்று மட்டும் சொன்னா. பெயர் சொல்லவில்லை. கைதட்டினார்கள்.

நான் விழாவுக்குப் போகவில்லை, ஸுஹைறாவோடு இருந்தேன். அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஜுனைதா வந்தாள். கையில் பிளாஸ்க். பாயில் உட்கார்ந்து, மூடியில் தேத்தண்ணியை ஊற்றி ஸுஹைறாவிடம் நீட்டினாள். அவள் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவங்க கடலுக்குப் போன அண்டைக்கு என்ன கட்டிக் குடுத்தனீங்க?" என்று ஜுனைதா கேட்டாள்.

"புட்டும் சூரைப் பொரியலும். ரெண்டு பேருக்கும் கட்டினன் ராத்தா. றிஷாட் தேங்காப்பூக் கூடப் போடச் சொன்னான். போட்டன்."

"போட்டியா?"

"கைநெறையப் போட்டன்."

ஜுனைதா தலையாட்டினாள். "அவனுக்குத் தேங்காப்பூ எண்டா உசிர்" என்றாள். பிறகு அவள் கேட்கக் கேட்க, ஸுஹைறா அந்தக் காலையை முழுக்கச் சொன்னாள். பையன் என்ன சாரம் கட்டியிருந்தான், என்ன சொல்லிச் சிரித்தான், வாசலில் செருப்பை எந்தப் பக்கம் கழற்றி வைத்தான். தன் மகனைக் கடைசியாகக் கண்ட பெண்ணிடம் இதையெல்லாம் கேட்பதற்கு அவளுக்கு இவ்வளவு வருசம் ஆனது. நான் எழும்பி வெளியே வந்து முற்றத்தில் நின்றேன்.

இத்தா முடிந்து ஒரு மாதத்தில் அப்ராவின் காவின் நடந்தது. கலியாண அழைப்பிதழில் அக்ரமின் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று அச்சடித்திருந்தது. மௌத்தானவர்களுக்குப் போடுகிற சொல். அழைப்பிதழ்க் கட்டைப் பிரித்ததும் அப்ரா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து மறைத்துப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள். பள்ளிவாசலில் முஸ்தாக் வலிகாரராக நின்று றிஸ்மியின் கையைப் பிடித்தபோது சொல்லவேண்டியதை இரண்டாம் தரம் சொல்லவேண்டி வந்ததாம். எங்கள் முறைப்படி வீடு மகளுக்குப் போனது. ஸுஹைறா குசினியோடு சேர்ந்த சின்ன அறைக்கு மாறினாள். இடியப்பத்தை மட்டும் விடவில்லை.

அந்த வருசம் ஹஜ்ஜுப் பெருநாள் காலை. தொழுகை முடிந்தால் எங்கள் ஆண்கள் மையவாடிக்குப் போய், அவரவர் கபுறடியில் நின்று ஓதிவிட்டு வருவார்கள். தொழுகைக்குப் புறப்பட்ட முஸ்தாக்கை ஸுஹைறா ஒழுங்கையில் மறித்தாள்.

"தம்பி, மையவாடியால வாற வழியில கடக்கரைக்கும் போங்க. தண்ணிக்குக் கிட்ட நிண்டு ஒரு பாத்திஹா ஓதிட்டு வாங்க."

அவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். புதுச் சாரத்தின் கரை நனைந்திருந்தது. ஸுஹைறா எனக்கும் அப்ராவுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓதினன் மதினி."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

அவள் அவனுக்குக் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். இறைச்சிக் கறியை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். "சாப்பிடுங்க தம்பி, ஆறப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. அப்ரா எழும்பப் போனாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இருத்தினேன். முஸ்தாக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.